செல்லத்தாயக்காவின் முளைப்பாரி

நாலு பேர் முன்னால் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் ஒருநாள் பேசினேன்.

எங்கள் ஊர் தேவாரம். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயக்காவின் மகன் சென்னையில் எம்.எஸ்சி. படித்தான். அவனோடு தங்கியிருந்த பையன் கொலையாகிவிட, போலீஸ் இவனைக் கூப்பிட்டு விசாரித்தது. உடனே இன்டர்நெட்டில் முகம் தெரியாதவர்களெல்லாம் இவன்தான் கொன்றான் என்று எழுதினார்கள். யாரோ அதைப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தார்கள். அச்சில் பார்த்ததும் ஊரே நம்பிவிட்டது.

அம்மன் திருவிழா வந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில் விதை போட்டு முளைப்பாரி வளர்த்திருந்தோம். ஊர்வலத்துக்காக அக்கா தன் பாரியைத் தூக்கப்போனபோது ஒருத்தி தடுத்தாள்.

“கொலகாரனப் பெத்தவ தூக்குனா சாமிக்கு ஆகுமா? அங்கனயே வையி.”

அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். மனசில் கறை இருந்தால் முளை கருகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் பாரிகளைப் பார்த்தேன்.

“ஏத்தா, அவுக பயிரப் பாரு, எல்லார்தையும்விட உசரமா நிக்குது. உன்னோடதுதான் சவலப்பிள்ள மாதிரி கெடக்கு. கம்ப்யூட்டர்ல எழுதுனவக இதையும் வந்து பாக்கட்டும்!”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நானே பாரியை அக்கா தலையில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் நடந்தேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

சில மாதம் கழித்து வேறொருவன் பிடிபட்டான். ஆனால் அன்று பேசியபோது, பையன் செய்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அக்காவைத் தெரியும். அது போதுமாக இருந்தது.