பெயர் தெரிந்தவர்கள்

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் தாவரவியல் ஆய்வு மாணவியாக இருந்தேன். பாபநாசத்துக்கு மேலே ஓர் ஓடைப் பாறையில் இரண்டு பாசிகள் அடுத்தடுத்து வளர்ந்திருந்தன. அக்கா தங்கை போல ஒரே ஜாடை. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் ஒன்றுக்கு இலை நுனி கூர்மை, மற்றதற்கு மழுங்கல் என்று தெரியும். கூர்மையானது தாமிரபரணிப் படித்துறை எங்கும் கிடந்தது. மழுங்கலானது அந்தப் பாறையைத் தவிர வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. அழியும் நிலையில் இருப்பதாகக் கட்டுரை எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சுரண்டி, காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார்கள். கடைசியாக வந்த உள்ளூர்ப் பேராசிரியர், உள்ளங்கையளவு மிஞ்சியிருந்ததில் கத்தியை வைத்தார்.

"சார், இம்புட்டுதான் இருக்கு. விட்டுருங்க" என்றேன்.

"அதுக்குத்தாம்மா எடுக்கேன். நாளைக்கு இல்லாமப் போச்சுன்னா ஆதாரம் வேண்டாமா?"

"நீங்க எடுக்கதுனாலதான் சார் இல்லாமப் போவுது!" என்று கத்தினேன்.

"கோவப்படாத. உன் பேரையும் சேத்து எழுதுதேன்" என்று நிதானமாகக் காகிதத்தை மடித்தார்.

அடுத்த மழைக்கு அந்த இடத்தில் கூர்நுனிப் பாசி படர்ந்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த ஓடையில் குளித்தவர்கள், துவைத்தவர்கள் ஒருவர்கூட அந்த மழுங்கல் பாசியைத் தொட்டதில்லை. பெயர் தெரிந்த நாங்கள்தான் அதை முடித்தோம்.