மிதிக்காத பிரேக்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் என் சித்தப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கதை கட்டுற மூஞ்சியா இது?" என்று கேட்பார். நியாயம்தான். வீட்டில் யாராவது பேய் பிசாசு என்று பேச்செடுத்தால், சிரித்தே அவர்களை எழுந்து போக வைக்கிற ஆள் அவர். கார்களுக்கு வயரிங் பார்ப்பதுதான் தொழில். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதால், பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் ஃபியூஸ் அண்ணன். அவருக்கு நடந்ததை, அவர் சொன்னபடியே கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நடந்தது நடந்ததுதான்.

அந்த வெள்ளைக் கார் மழைக்காலத்தில் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. கணவர் இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வந்து ஓய்ந்துபோய், நாற்பது வயதுக்கு மேல் வண்டி ஓட்டப் பழகி, ஒரு புரோக்கர் மூலமாகப் பழைய காரை வாங்கியிருந்தார். சித்தப்பாவுக்கு அவர் லேப் மேடம்.

"ரெண்டு லைட் எரியுதுண்ணே. வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட செவப்பு ஒண்ணு. கார் வழுக்கிட்டுப் போற மாதிரி படம் போட்ட மஞ்சள் ஒண்ணு."

"ஒண்ணு பிரேக் லைட். இன்னொண்ணு வண்டி தடுமாறாம பாத்துக்கிறதுக்கு. எப்ப வருது?"

"சாயங்காலம் வேலை விட்டு வரும்போது. அந்த குடோன் ரோட்டுல."

"தினமுமா?"

"தினமும்தான். வீட்டுக்கு வந்து நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா இருக்கிறதில்ல."

சித்தப்பா ஃபியூஸில் தொடங்கினார். பிரேக் ஆயில் சரியாக இருந்தது. ஹேண்ட் பிரேக் சுவிட்ச் சரி. நான்கு சக்கரத்துச் சென்சார்களையும் கழற்றித் துடைத்து மாட்டினார். பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சை எதற்கும் இருக்கட்டும் என்று புதிதாகவே மாற்றினார். குடோன் ரோட்டில் தானே ஓட்டிப் பார்த்தார். வண்டி பரமசாதுவாகப் போனது.

மறுநாள் சாயங்காலம் போன். "மறுபடி வந்துடுச்சுண்ணே."

பேட்டரியைப் பார்த்தார். எர்த் வயரைச் சுரண்டி மாட்டினார். பிரேக் அழுத்தத்தை அளக்கும் சென்சாரை இன்னொரு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டார். அவர் ஓட்டினால் ஒன்றுமில்லை. மேடம் ஓட்டினால் இரண்டு விளக்கும் எரிந்தன. சித்தப்பாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு நானே பாக்கிறேன்" என்று ஒருநாள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குடோன் ரோடு முழுக்கப் போனார்கள். விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டிக்கு உங்களைக் கண்டா பயம்போல" என்று மேடம் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பட்டறை வாசலில் சித்தப்பாவை இறக்கிவிடும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"இந்த வண்டியில நான் மட்டும்தான் போறேன். ஆனா தனியாப் போற மாதிரியே இல்ல."

பாவம், புருஷனை இழந்தவர், அப்படித்தான் இருக்கும் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சித்தப்பா இறங்கிய பிறகு, அதே ரோட்டில், விளக்கு எரிந்திருக்கிறது.

அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தார். அவர் ஓட்டினால் வருவதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் வருவதில்லை. மேடம் ஓட்டி, பக்கத்து சீட் காலியாக இருந்தால் மட்டும் வருகிறது. அந்த சீட்டுக்கு அடியில் ஏதோ வயர் உரசுகிறது என்று முடிவு கட்டினார்.

மறுநாள், வண்டியில் செருகினால் உள்ளே நடப்பதை எண்ணாகக் காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் மேடம். அவர் பக்கத்தில் காலி சீட்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தூறல். குடோன் ரோட்டின் இருபுறமும் உயரமான மதில்கள், பூட்டிய இரும்புக் கதவுகள். ஆள் நடமாட்டம் இல்லை. வைப்பர் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

ஸ்கேனரில் பிரேக் அழுத்தம் பூஜ்யம் காட்டியது.

ரோடு வளைகிற இடம் தெரிந்தது.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி. பக்கத்து சீட்டுக்கான மணி. சித்தப்பா எட்டிப் பார்த்தார். சீட் காலி. ஆனால் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால் விழுமே, அந்தப் பள்ளம்.

ஸ்கேனரில் எண் ஏறியது.

"மேடம், பிரேக்கைத் தொட்டீங்களா?"

"இல்லண்ணே."

சித்தப்பா இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிப் பார்த்தார். மேடத்தின் கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. பிரேக் பெடல் அசையவே இல்லை.

எண் ஏறிக்கொண்டே போனது. வண்டி கொஞ்சமும் வேகம் குறையவில்லை.

டம்.

காலி சீட்டின் கீழே... தரையை யாரோ ஓங்கி மிதித்த சத்தம்.

டம். டம்.

பிறகு ஒரு மூச்சு. மோதப் போகிறோம் என்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்போமே... அந்த மூச்சு. சித்தப்பாவின் காதுக்குப் பக்கத்தில்.

இரண்டு விளக்கும் எரிந்தன.

"நிறுத்துங்க மேடம்!"

வண்டி ஓரமாக நின்றது. மேடம் ஸ்டியரிங்கை விடவில்லை. "கேட்டுச்சா?" என்றார் மெதுவாக. "நான் மட்டும்தான் கேக்கிறேன்னு நினைச்சேன்."

சித்தப்பா இறங்கிப் பக்கத்துக் கதவைத் திறந்தார். கால் வைக்கும் இடத்தில் ரப்பர் மேட். அதை எடுத்தார். கீழே கார்ப்பெட்டில் ஒரே ஒரு இடம் நைந்து, அமுங்கி, குழிந்து கிடந்தது. கார்ப்பெட்டையும் தூக்கினார். தகரத்தில் நான்கு ஓட்டைகள். பசை வைத்து அடைத்திருந்தார்கள்.

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. பழகுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் நிறுத்துவதற்காக அந்தப் பக்கமும் ஒரு பிரேக் பெடல் வைத்திருப்பார்கள். அதை இரும்புக் கம்பியால் இந்தப் பக்கத்துப் பெடலோடு இணைத்திருப்பார்கள். விற்கும்போது கழற்றிவிடுவார்கள்.

புரோக்கரைப் பிடித்தார். அவன் முதலில் மழுப்பினான். பிறகு, "அடிபட்ட வண்டின்னு சொன்னா எவன்ணே வாங்குவான்?" என்று முனகிவிட்டு விலாசம் சொன்னான்.

சின்ன வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கார் என்றதும் உள்ளே விட்டார். முன்னறையில் கட்டில். அதில் ஒரு மனிதர். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. மூக்கில் குழாய்.

"என் வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மா. "எத்தனையோ பேருக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தவர். ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல."

சித்தப்பா உட்கார்ந்தார். அந்த அம்மா நின்றுகொண்டே சொன்னார். தொழில் படுத்துவிட்டது. வண்டியை விற்க முடிவு செய்தார்கள். காலையிலேயே பக்கத்து பிரேக்கைக் கழற்றியாகிவிட்டது. சாயங்காலம் மகள் வந்து நின்றாள். பத்தொன்பது வயது. அப்பாவிடம்தான் பழகிக்கொண்டிருந்தாள்.

"விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரவுண்டுப்பான்னு கெஞ்சினா. இவருக்கு அவ கேட்டு இல்லன்னு சொல்லத் தெரியாது. குடோன் ரோட்டுல திரும்பும்போது லாரி ஒண்ணு எதிர்ல வந்துடுச்சாம். பிள்ளை பயந்துபோய் அப்படியே உறைஞ்சுட்டா. இவர் பழக்கத்துல... மிதிச்சிருக்கார்."

அந்த அம்மா கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க பிரேக் இல்லங்களே."

மகள் அங்கேயே போய்விட்டாள். இவர் உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது.

கட்டில் ஆடியது.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அசைவில்லாமல் கிடந்த அந்த மனிதரின் வலது கால் விறைத்து நீண்டது. கட்டிலின் மரச்சட்டத்தை ஓங்கி மிதித்தது.

டம்.

அந்தச் சட்டத்தில் தலையணை கட்டி வைத்திருந்தார்கள். அதையும் மீறிச் சத்தம் வந்தது.

டம். டம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு...

"தினமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான்" என்றார் அந்த அம்மா, காலைப் பிடித்துவிட்டபடி. "டாக்டர் நரம்பு இழுப்புன்னு சொல்றார். எனக்குத் தெரியும், இவர் இன்னும் நிறுத்தப் பாக்கிறார்."

சித்தப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. லேப் மேடம்.

"இப்பத்தான்ணே... மறுபடி எரிஞ்சுது."

சித்தப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

கிளம்பும்போது கேட்டார். "அந்தக் கழட்டின பெடல் என்னாச்சும்மா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப்பையை இழுத்துக் கொடுத்தார் அந்த அம்மா. தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

லேப் மேடத்திடம் சித்தப்பா எதையும் மறைக்கவில்லை. பயந்துபோய் வண்டியை விட்டுவிட்டு ஓடுவார் என்றுதான் நினைத்தார். அவர் சாக்குப்பையைப் பிரித்து அந்தப் பெடலைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரர் ரத்தத்தை என் லேப்லதான் பாத்தாங்க" என்றார் கடைசியில். "ஒரு மாசம் முன்னாடியே பாத்திருக்கலாமேன்னு இன்னிக்கும் நினைக்கிறேன். மாட்டுங்கண்ணே. நான் ஓட்டுறேன்."

இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லையென்றால் மாட்டுவதுதானே என் வேலை என்று சித்தப்பா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடைத்திருந்த பசையைச் சுரண்டி, அதே ஓட்டைகளில் அதே பெடலை முடுக்கி, கம்பியால் இந்தப் பக்கத்துப் பெடலோடு இணைத்தார். ஒரு வயர்கூட இல்லாத வெறும் இரும்பு. அவர் படித்த படிப்பில், அதற்கும் அந்த விளக்குகளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அன்று சாயங்காலம். மழை இல்லை. மேடம் முன்னால். சித்தப்பா பின்னால். பக்கத்து சீட் காலி.

மதில்கள். இரும்புக் கதவுகள். வளைவு.

டிங்... டிங்...

சீட்டில் பள்ளம் விழுந்தது.

மேடம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேறு எதையும் தொடவில்லை.

அந்தப் பக்கத்துப் பெடல்... மெல்ல... உள்ளே போனது.

நிதானமாக. பழகிய கால் மிதிப்பது போல.

வண்டி நின்றது.

ஒரு குலுக்கல்கூட இல்லை. வளைவுக்கு ஒரு வண்டி தூரம் முன்னால் நின்றது. ரோட்டில் எதுவும் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும்.

பெடல் அழுந்தியபடியே இருந்தது.

பிறகு... க்ளிக்.

மேடம் உட்கார்ந்திருந்த பக்கம், டிரைவர் கதவு. அது தானாகத் திறந்தது. முழுசாக, ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு.

"நான் தொடலண்ணே..." என்றார் மேடம். "மடியிலேர்ந்து யாரோ எழுந்து போன மாதிரி இருந்துச்சு."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பெடல் மேலே வந்தது. சீட்டின் பள்ளம் நிரம்பியது. சித்தப்பா டேஷ்போர்டைப் பார்த்தார். ஒரு விளக்கும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவை எரியவே இல்லை.

அங்கிருந்து நேராக அந்த வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனார் சித்தப்பா. நடந்ததை எப்படிச் சொல்வது, சொல்லலாமா கூடாதா என்று வழியெல்லாம் குழம்பினார். வாசலிலேயே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே கட்டில் அசையவில்லை. அந்த மனிதர் கண் மூடியிருந்தார். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தூங்கறார்" என்றார் அந்த அம்மா. "இன்னிக்குக் கால் ஒரே ஒரு தடவைதான் நீண்டுச்சு. அதுவும் மெதுவா. அப்புறம் பேசினார்ங்க."

"பேசினாரா?"

"தெளிவாப் பேசினார். 'வண்டி நின்னுடுச்சு. இறங்கிக்கோம்மா'ன்னார். அவ்வளவுதான். கண்ணை மூடிட்டார்."

கதவு திறந்ததைச் சித்தப்பா இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"நீங்க அந்த வண்டியிலதானே இருந்தீங்க? சொல்லுங்கண்ணே... அவ இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டாம்மா" என்றார் சித்தப்பா.