முப்பத்திரண்டாவது துண்டு

பட்டறை அறையிலிருந்து 'க்ளிங்' என்று கண்ணாடியும் கண்ணாடியும் மோதும் சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்த கண்ணாடிக்காரர் சட்டென்று எழுந்தார். உள்ளே தனியாக நின்றவர் சம்பந்தி. அடுத்த மாதம் இந்த வீட்டு ஒரே மகளை மருமகளாக்கிக்கொள்ளப் போகிறவர்.

"சும்மா தொட்டுப் பாத்தேன்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

அது போதாதா! பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கும் மனிதர் கண்ணாடிக்காரர். தீப்பெட்டி வாங்கினால் குச்சியை எண்ணுவார். ஓடிப்போய்த் தட்டில் கிடந்த வண்ணத் துண்டுகளை எண்ணினார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். முப்பத்தொன்றேதான்.

வட்ட ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி வெட்டுவது அவர் தொழில். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோடு போட்டு இணைப்பார். இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு. மூன்றுக்கு நாலு, நாலுக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. ஒரு புள்ளி கூடினால் துண்டு இரட்டிக்கும். இது அவர் கண்ட கணக்கு. முதல்முறையாக ஆறு புள்ளி வைத்திருக்கிறார். முப்பத்திரண்டு இருந்தாக வேண்டும்!

"சம்பந்தி, பையில என்ன?"

சம்பந்தியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. பையிலிருந்ததை மேஜையில் கொட்டினார். ஒரு கைக்குட்டை, மூக்குக்கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான்.

"கூட்டுக்குள்ள?"

"அப்பா!" பின்னாலேயே ஓடிவந்திருந்த மகள் அலறினாள். கண்ணில் நீர் முட்ட, அவர் வெட்டுவதற்கு முன் வரைந்த தாளின் மேல் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். முப்பத்தொன்றும் உட்கார்ந்தன. ஓர் இடம்கூடக் காலியில்லை.

"ஏதோ ஒரு கோடு விட்டுப்போச்சு" என்றார் அப்பா.

அவள் வேறு தாளில் வட்டம் போட்டாள். புள்ளிகளை இடம் மாற்றி வைத்தாள். முப்பத்தொன்று. சம இடைவெளியில் வைத்தாள். மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்தன, முப்பதாகக் குறைந்தது. எத்தனை தாள் போட்டும் முப்பத்திரண்டு வரவே இல்லை.

"அஞ்சு வரைக்கும் இரட்டிச்சா ஆறுக்கும் இரட்டிக்கணுமா? தீக்குச்சிய எண்ணுறீங்க. இத மட்டும் எண்ணாமலே நம்பிட்டீங்களேப்பா!"

கண்ணாடிக்காரர் தாள்களையும் சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சந்தேகத்தில் மகளின் வாழ்வையே உடைத்துவிட்டோமோ? "சம்பந்தி... கல்யாணம்..." என்று இழுத்தார்.

சம்பந்தி மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி காட்டிவிட்டு மூடினார். மருமகளாக வரப்போகிறவளின் தலையில் கை வைத்தார்.

"கல்யாணம் நடக்கும். இப்படி ஒரு பொண்ணு எங்க வீட்டுக்கு வேணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினார்.

"நான் மட்டும் இனிமே பை இல்லாத சட்டையா தைச்சுப் போட்டுட்டு வரேன், சம்பந்தி."

அவர் போனார். கதவைச் சாத்திப் பூட்டிய கண்ணாடிக்காரரின் கை, முதல் தடவையாக, பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.