விளக்கீட்டன்று நின்ற சிமிட்டல்

சுவிசு நாட்டுக்குப் போவதற்கு முன் அப்பா எங்களுக்குச் செய்துவைத்த கடைசி வேலை, கோப்பாய் வீட்டு விறாந்தையில் இருந்த மின்சார மீட்டரைச் சோடித்ததுதான். மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் சின்ன வெளிச்சத்துக்கு நேரே, அதைக் கண்டறியும் உணரி ஒன்றைக் கறுப்பு ரேப்பால் ஒட்டி, அதன் வயரை ஒரு பழைய கைபேசியில் கொழுவினார். வயரிங் வேலை செய்பவர். இப்படியான விளையாட்டுகள் அவரிடம் நிறைய இருந்தன.

“கரண்ட் செலவழியச் செலவழிய இது சிமிட்டும், பிள்ளை. தண்ணி கொதிக்கக் கேத்தல் போட்டால் கெதியாச் சிமிட்டும். இந்தப் போன் அதை என்ரை போனுக்கு அனுப்பும். நான் அங்கை இருந்து பாத்துக்கொண்டிருப்பன்.”

அப்பா பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மீட்டருக்கு முன் நின்று, காலைத் தூக்கிப் புதுச் சப்பாத்தைக் காட்டுவேன். பாட்டுப் பாடுவேன். ரேப்பின் ஓரத்தால் கசியும் சிவப்பு ஒருமுறை மினுங்கினால் அது எனக்கான பதில். அந்த மாதங்களை நினைத்தால், வீடே ஒரு மெல்லிய சிவப்பில் மிதந்துகொண்டிருந்ததாகத் தோன்றுகிறது.

கார்த்திகை விளக்கீடு வந்தது. அம்மாவுக்கு நிறைமாதம். மெதுவாகக் குனிந்து நிமிர்ந்து வாசல் படலையிலும் கிணற்றடியிலும் சிட்டி விளக்குகளை ஏற்றிவைத்தார். பல்ப் வெளிச்சத்தில் அவை சோம்பிப்போய்த் தெரிந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. கதிரையில் ஏறி மெயின் சுவிச்சை நிறுத்தினேன். முற்றம் முழுக்கப் பொன்னாகியது. அம்மாவும் சிரித்துவிட்டார். கிணற்றுக்கட்டில் இருவரும் சாய்ந்திருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அறைக்குள் அம்மாவின் போன் அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை.

திடீரென்று படலையடியில் சைக்கிள் விழுந்த சத்தம். அயல் வீட்டு மாமா, அப்பாவின் சிநேகிதர், சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். எங்களைக் கண்டதும் மூச்சு வாங்க நின்று, காதில் இருந்த போனுக்குள் சொன்னார்: “மச்சான், ஒண்டுமில்லை. ரெண்டு பேரும் விளக்கு வைச்சிட்டுக் கிணத்துக்கட்டிலை இருக்கினம். உன்ரை மகள்தான் மெயினை நிப்பாட்டியிருக்கிறா.”

அப்பாவின் திரையில் எங்கள் வீடு நின்றுபோயிருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். ஊரெல்லாம் கரண்ட் இருந்தது. அம்மாவோ போனை எடுக்கவில்லை.

போன் என் கைக்கு வந்தது. நல்ல ஏச்சு விழப்போகிறது என்று பயந்து நின்றேன்.

“மெயினைப் போடு, அம்மாச்சி.” அப்பா என்னைச் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

போட்டேன்.

“ஓம்... இப்ப வருது,” என்றார். அதற்குமேல் குரல் வரவில்லை. வெளிநாட்டு லைன் என்றால் அப்படித்தான் இடையில் அறுந்துபோகும் என்று நினைத்து, போனை மாமாவிடமே கொடுத்துவிட்டேன்.

தம்பி பிறந்த பிறகும், அம்மா கோயிலுக்குப் போனால்கூடக் குசினியில் அடுப்புக்கு மேலிருக்கும் பல்பை எரியவிட்டே போவார். பள்ளிக்கூடத்தில் படித்த சிக்கனம் தலைக்கேறி நான் அதை அணைப்பேன். அவர் மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் போடுவார். கடைசியில் ஒருநாள் அப்பாவிடமே முறைப்பாடு வைத்தேன்.

“அப்பா, இந்த அம்மா பட்டப்பகலிலை லைற்றைப் போட்டுக் கரண்டை வீணாக்கிறா.”

“அது எரியட்டும், அம்மாச்சி. அது எனக்குத்தான்...” என்ற அப்பாவின் குரல் பாதியில் நின்றது. லைன் மறுபடியும் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.