தம்ளருக்குள் இருந்தவர்

என் வீட்டுக்காரருக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. அவர் போய்க் கருமாதிகூட முடியவில்லை, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்குக் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் அவர் சாய்ந்து உட்காரும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தவிட்டு நிறப் பூச்சி வந்து ஒட்டியது. இரண்டு இறக்கையிலும் கண் மாதிரி கறுத்த வட்டம். இடது வட்டத்துக்குள் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு. செத்தவர்கள் பூச்சியாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்று எங்கள் லயத்தில் சொல்வார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் அந்த மனுஷன் இப்படித்தான், சுவரில் சாய்ந்துகொண்டு நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பங்களாவில் சமைக்கிற அப்பு துக்கம் கேட்க வந்தான். துக்கம் எங்கே கேட்டான்? பூச்சியைப் பார்த்து வாயைப் பிளந்தான். தோட்டத்துத் துரையின் பெண்சாதி துரைசாணி, பூச்சிகளை ஊசியில் குத்திக் கண்ணாடிப் பெட்டியில் சேர்க்கிறவள். ஒரு இறக்கை ஒரு மாதிரியும் மறு இறக்கை வேறு மாதிரியும் இருந்தால் அவளுக்கு உயிர். மறுநாள் நான் பங்களா பெருக்கப் போனேன். வராந்தா மேசையில், கவிழ்த்த கண்ணாடித் தம்ளருக்குள் அவர். நான் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துப் பிடித்து வந்திருக்கிறான், கட்டையிலே போறவன்.

துரைசாணி குளித்துவிட்டு வந்ததும் மருந்துப் பஞ்சு வைத்துக் கொன்றுவிடுவாள். பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். நமுனுகுல மலைப் பக்கம் மழை வருகிறதா என்று பார்ப்பதுபோல் வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். திறந்துவிட்டால் பழி என் தலையில்தான் விழும். வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும். விடாவிட்டால் என் புருஷன் நெஞ்சில் ஊசி.

குளியலறைக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தம்ளரைத் தூக்கி அவரைப் பிடித்தேன். கைக்குள் துடித்தார்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு இடது இறக்கையைக் கட்டைவிரலால் தேய்த்தேன். வட்டமும் பொட்டும் தூளாக உதிர்ந்தன. திரும்பத் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டேன்.

துரைசாணி குனிந்து பார்த்தாள். தம்ளருக்குள் அடித்துக்கொண்டு தானே கெடுத்துக்கொண்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

“கெட்டுப்போச்சு. வெளியே போடு,” என்றாள்.

தோட்டத்துப் பக்கம் போய்க் கையை விரித்தேன். தள்ளாடித் தள்ளாடித் தேயிலைக்குள் போனார். அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான். கோபித்துக்கொண்டு இனி வராமலே போய்விடுவாரோ என்று அன்று பூராவும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பொழுது சாய்ந்து விளக்கேற்றினபோது வந்தார். அதே சுவர், அதே இடம். இடது பக்கம் கண்ணே இல்லை, வெறும் தோல்போல இருந்தது. எனக்கு அழுகை பொங்கிவிட்டது. நான் அவருக்குத் தெரியட்டும் என்று வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.