பொட்டு வைத்த திருப்புளி

போன வருஷம், 1962 ஆவணியில் ஒரு சாயங்காலம். கல்லூரித் தோழர் ஒருவரின் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரில் காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்குப் பளிச்சென்று வந்தது. அவர் ஆசையாக மாட்டியிருந்த இரண்டு கூடுதல் விளக்குகளையும் போட்டதும் வெளிச்சம் முழுவதும் மஞ்சளாகச் சோர்ந்தது. சார்ஜ் காட்டும் முள் கீழே விழுந்து கிடந்தது. எஞ்சின் பறக்கிறது, பாட்டரிக்குத் தீனி போடும் டைனமோதான் நோஞ்சான். இதில் ஒரு லாரி டைனமோவை மாட்டினால் என்ன?

நான் பொறியியல் கடைசி வருஷம். என்னோடு பள்ளியில் படித்தவன் ஸ்ரீரங்கத்தில் டைனமோ காயில் கட்டும் ஷெட் வைத்திருந்தான். ஆனியில்தான் அவனுக்குக் கல்யாணம். கல்லூரித் தோழர் காரை எங்கள் பொறுப்பில் விடச் சம்மதித்தார். இருவருமாக அதன் எர்த் ஒயர், பெல்ட், கார்பன் எல்லாம் பார்த்தோம். பழுது எதுவும் இல்லை, பாரம்தான் அதிகம். பழைய இரும்புக் கடையில் லாரி டைனமோ ஒன்று கிடைத்தது. அவன் அதை அழகாகப் பொருத்திவிட்டான்.

ஓட்டிப் பார்த்தபோது முள் ஏறியது. சற்று நேரத்தில் தானாக இறங்கியது. எனக்கு அது பொறுக்கவில்லை. அவனிடம் கேட்காமல், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூவை இறுக்கினேன். ஆயுத பூஜையன்று காலை ஜீயபுரம் வரை போய்த் திரும்பினேன். முள் உச்சியிலேயே நின்றது. பெருமை தாங்கவில்லை.

ஷெட்டில் பூஜைக்கு எல்லாம் தயார்.

"முள்ளு இறங்கவே இல்லையாடா?" என்றான்.

"எதுக்கு இறங்கணும்? லாரி டைனமோடா!"

"காலேஜ்ல இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களா? பாட்டரி நெறஞ்சா முள்ளு இறங்கணும். ஸ்க்ரூவைத் தொட்டியா? ரெண்டு சுத்து தளர்த்திட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பாரு."

திருப்புளி, ஸ்பானர் எல்லாம் சந்தனப் பொட்டோடு பலகையில் இருந்தன. மறுநாள் பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. என் கைவேலையைக் கலைக்கத்தான் மனசில்லை.

"பொட்டு வச்சாச்சுடா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அட, நாஸ்திகனுக்கு இன்னிக்குப் பக்தி பொங்குது!" என்று சிரித்தான்.

எஞ்சினை நிறுத்தி பானட்டைத் திறந்தேன். பாட்டரி உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. நெடி மூக்கில் ஏறியது. ஆறட்டும் என்று மூடிகளைக் கழற்றி வைத்தேன். கொதிக்கும் பாட்டரியிலிருந்து கிளம்பும் வாயு தீப்பிடிக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்துவிட்டேன்.

அவன் மனைவி தட்டில் சூடம் ஏற்றி அவன் கையில் கொடுத்தாள். கருவிகளுக்குக் காட்டிவிட்டு, புது டைனமோவுக்கும் காட்ட பானட்டுக்குள் குனிந்தான்.

வெடி போட்ட மாதிரி சத்தம். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டுகொண்டிருந்தான். ஆசிட் தெறித்துச் சட்டை புகைந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். பாட்டரி பிளந்து போனதால் கார் அசையவில்லை. ஜட்கா பிடித்துத்தான் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பாதிப் பார்வை. கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக் கட்டிப் பிழைத்தவனுக்குப் பாதிப் பார்வை எதற்கு ஆகும்?

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவன் அம்மா ஆரம்பித்துவிட்டார். "இவ கையால கொளுத்துன சூடம்தானே! வந்து நாலு மாசம் ஆகல, எம் புள்ள கண்ணைத் தின்னுட்டா." ஐப்பசியில் அந்தப் பெண்ணை வையம்பட்டியில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டோடு படுத்திருந்த அவனும் ஸ்க்ரூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் படியேற விடமாட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ.

வாராவாரம் போகிறேன். "தம்பி, அன்னிக்கு நீங்க தண்ணி ஊத்தலேன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்று சொல்லி அந்த அம்மா காப்பி கொடுக்கிறார். அதையும் குடித்துவிட்டு வருகிறேன்.

பாட்டரியைப் பற்றி அன்று எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஸ்க்ரூவை இறுக்கியதும், தளர்த்த மறுத்ததும், மூடியைக் கழற்றியதும் நான்தான் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் சொல்லப் போகிறேன். மறுநாள் வையம்பட்டி பஸ் ஏறி, அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் அதையே சொல்ல வேண்டும். அவளைத் திரும்ப அனுப்புவார்களா என்பது தெரியாது, ஆனால் அவள் ஏற்றிய சூடத்தின் மேல் இனி ஒரு நாளும் பழி நிற்கக் கூடாது.