நடந்து காட்டிய பிள்ளை

என் மகளைப் பால்வாடிக்கு அனுப்ப வேண்டாம் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டிய ஆட்கள் பிறகு வந்தார்கள்.

மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களிலும் விறைப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், பிடி விட்டால் விழுவாள். வாய் மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். பால்வாடியில் ஒரு டீச்சர், ஒரு ஆயா, அறை நிறையப் பிள்ளைகள்.

"இவள ஒண்ணுக்குத் தூக்கிட்டுப் போனா மத்ததெல்லாம் ரோட்டுக்கு ஓடிடுதுங்கக்கா. கூட ஒரு ஆளு உக்காந்தா வச்சுக்குறேன்" என்றார் டீச்சர்.

நியாயம்தான். ஆனால் நான் விடியுமுன் கருக்களாச்சேரிக் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, காரைக்கால் மார்க்கெட்டுக்குக் கூடை தூக்குகிறவள். வீட்டுக்காரர் கடலில். பக்கத்து வீட்டு அண்ணி உட்காரத் தயார். அவர் கருவாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தால் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகை வரும், அதை அண்ணிக்குக் கொடுத்துவிடலாம் என்று டீச்சரே வழி சொன்னார்.

காரைக்காலில் சான்றிதழுக்காக டாக்டர்கள் வந்து பார்க்கும் முகாம் என்று தெரிந்ததும் எங்கள் தெருவே தயாரானது. கரையில் மீனைக் கொட்டி ஏலம் விடும்போது நல்ல மீன் மேலே தெரியும்படி வைத்தே பழகிய சனம் நாங்கள். பிள்ளையை மட்டும் வேறு மாதிரியா காட்டுவோம்? புது கவுன் எடுத்தேன். அண்ணி கனகாம்பரம் கட்டி வைத்துவிட்டார். இரண்டு தென்னைக்கு நடுவே வலைக்கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலந்தோறும் நடை பழக்கினோம். "டாக்டர் முன்னாடி வுழாம நடக்கணும்டி தங்கம்" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொன்னார்கள்.

முகாமில் மத்தியானம் வரை வராந்தாவில் கிடந்தோம். எங்கள் முறை வந்ததும் டாக்டர் நிமிர்ந்து, "நடக்கச் சொல்லுங்க" என்றார். என் மகள் சுவரை விட்டாள். அதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். ஆடி ஆடி மேசைவரை தானாகவே போய், கைகூப்பி, "வணக்கம் டாக்டர்" என்றாள். நான் கை தட்டிவிட்டேன். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே என்று எழுதினார். நாற்பது இல்லையென்றால் உதவி இல்லை.

"நல்லா நடக்குதேம்மா, சந்தோஷப்படுங்க" என்றார் பக்கத்திலிருந்த குமாஸ்தா.

"இவ எப்புடி ஒண்ணுக்குப் போவா, வுழுந்தா எப்புடி எந்திரிப்பா, எதாச்சும் கேட்டீங்களா சார்? மேசை வரைக்கும் வந்துட்டா ஆச்சா?" என்று கத்தினேன். அடுத்த வருஷம் வரச் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் மகனை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நடக்கவா வுட்ட? தூக்கிட்டுல்ல போவணும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை துவண்டு கிடந்தால் காசு உண்டு, முயற்சி செய்தால் கிடையாது. இந்தச் சட்டத்தை யோசித்த புண்ணியவான் வீட்டில் பிள்ளையே பிறக்கவில்லையா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி, பக்தன் நொண்டுகிறானா என்று வேறு பார்த்தான். அந்த வருஷம் முழுக்க என் மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பால்வாடிக்குப் போகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவருஷம் பழைய கவுன், பூ இல்லை. முகாம் வாசலிலேயே அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். திமிறினாள்.

"எறக்கி வுடும்மா, நான் நடந்து காட்டுறேன்."

"நடக்கக் கூடாது. டாக்டர் சொன்னாலும் நடக்கக் கூடாது."

"நடந்தா அடிப்பாங்களா?"

ஆமாம் என்றேன். உள்ளே அவள் என் கழுத்தை விடவேயில்லை. இறக்கிவிட்டபோது தரையில் சரிந்து அழுதாள். சான்றிதழ் கிடைத்தது.

உதவித்தொகை வந்தது, அண்ணி கூட உட்கார்ந்தார், மகள் பால்வாடிக்குப் போனாள். முதல் நாள் டீச்சர் கையை நீட்டி, "வாடா, நடந்து வா" என்றார். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"நடம்மா" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.